கை போனபின் காகிதம் தேடாதீர்கள்

பவர் பிரஸ்ஸில் சிக்கித் துண்டான விரலை ஐஸ்கட்டிகளுக்கு நடுவே புதைத்து எடுத்துவருகிறார்கள். சிலர் பாலில் போட்டு எடுத்துவருகிறார்கள். வெட்டுக் காயத்தில் காபித்தூள் அப்பியிருக்கும். மணிக்கட்டில் நைலான் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கும். டாக்டர் வாய் திறப்பதற்குள் கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொள்வார்: "வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு சார்." அடிபட்டவரின் சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைத்திருக்கும். ஆனாலும் கதவு இடுக்கு என்றே பதிவேட்டில் ஏறும்.

ஐஸ்கட்டி விரலைக் கொல்கிறது. அந்த ஒற்றை வரிப் பொய் நஷ்டஈட்டைக் கொல்கிறது. எத்தனை முறை சொன்னாலும் இரண்டும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

விரல் துண்டானால்

காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் அந்தப் பையை வையுங்கள். ஐஸ் விரலைத் தொடவே கூடாது. தொட்டால் திசு உறைந்து செத்துவிடும். முறையாகக் குளிர்வித்த விரல் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் தசை அதிகம் என்பதால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். நசுங்கிய துண்டையும் தூக்கி எறியாதீர்கள். அதன் தோலாவது பயன்படலாம்.

தெருமுனைக் கிளினிக்கில் தையல் போட்டு நேரத்தைக் கரைக்காமல், ரத்தக்குழாயை ஒட்டும் நுண் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971 முதல் கைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

எல்லாம் சுளுக்கு அல்ல

பைக்கிலிருந்து விழுந்து உள்ளங்கையை ஊன்றியவர்கள் தைலம் போட்டு உருவிவிட்டு, ‘சுளுக்குதான்’ என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கட்டைவிரலை நிமிர்த்தி விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். அப்போதும் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பும் டாக்டரிடம், "மறுபடி எப்போ எடுக்கணும்?" என்று கேளுங்கள். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் ஒரு பகுதி செத்து, மூட்டே தேய்ந்துபோகும்.

நாட்டுக்கட்டு கட்டியவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. கட்டிய பிறகு வலி கூடினால், விரல்கள் நீலம்பாய்ந்தால், மரத்துப்போனால், விரலை நீட்டிவிடும்போது குழந்தை அலறினால் உடனே கட்டைத் தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காலையில் பார்க்கலாம் என்றால், சில மணி நேரத்தில் தசை செத்து, கை ஆயுளுக்கும் கொக்கிபோல மடங்கிவிடும்.

மரத்துப்போகும் கை

ராத்திரி கை மரத்து விழிப்பு வந்து, உதறினால் சரியாகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரக்கின்றன என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்பல் டனல் என்பது இதுதான். சர்க்கரை நோயாளிகள், தைராய்டு குறை உள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கு அதிகம் வரும். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்தாலே மரப்பு வந்துவிடும். நரம்புக் கடத்தல் பரிசோதனை உறுதி செய்யும். இரவில் மணிக்கட்டுப் பட்டை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி, கடைசியாகச் சின்ன அறுவை சிகிச்சை. நம்மவர்களோ வருடக்கணக்கில் ‘சத்து ஊசி’ போட்டுக்கொள்கிறார்கள். கட்டைவிரலின் அடிமேடு வற்றிப் பள்ளமான பிறகு வந்தால், அறுவை சிகிச்சையாலும் பழைய பலம் முழுதாகத் திரும்புவது கடினம்.

சுண்டுவிரல் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கை நரம்பில். வெளிறிய, உணர்ச்சியற்ற தேமலும் சேர்ந்திருந்தால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். வெட்கப்பட்டு ஒளித்தால் விரல்கள் மடங்கிவிடும்.

முதல் நாள் காகிதம்

வேலையில் அடிபட்டால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். பதிவில், எழுதப்படும் முதல் வரியே பின்னால் சாட்சி. எந்த மெஷின், எந்த இடம், எத்தனை மணி என்று உள்ளபடி சொல்லுங்கள். முதலாளி செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாலும் பொய் சொல்லாதீர்கள்; கட்டுப் பிரிக்கும் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார். ஏ.ஆர். நகல், ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம்பிடித்து வையுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால், இ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. முதலாளி விபத்து அறிக்கையை, படிவம் 12-ஐ, 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கிளை அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழோடு விண்ணப்பித்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இது உண்டு. காயம் ஆறியும் விரல் மடங்கவில்லை என்றால் மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள். நிரந்தர ஊனத்துக்கு மாதத் தொகை உண்டு. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டுகள். சட்ட அட்டவணைப்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. விரல் இருந்தும் விறைத்துப்போனால் டாக்டர் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். சதவீதம் எழுதாத சான்றை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். விவரத்துக்கு 1800 425 3993. அடிபட்ட பிறகு அட்டைக்கு அலையாமல், இந்த வாரமே எடுத்து வையுங்கள்.

அரசு மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: விபத்துக் காரணத்தைக் கூட வந்தவரிடம் கேட்டு எழுதாதீர்கள். சூப்பர்வைசரை வெளியே நிறுத்திவிட்டு, அடிபட்டவரிடம் கேட்டு எழுதுங்கள்.