அலைவரிசை இல்லாத வானொலி

காற்றில் உலவும் வானலைகள் அரசாங்கத்தின் ஏகபோகச் சொத்தும் அல்ல, பணம் படைத்தோரின் சொத்தும் அல்ல, அவை பொதுமக்களின் உடைமையே என்று 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், வங்காளக் கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சாமானிய ஜனங்களும் இனித் தங்கள் குரலைத் தாங்களே ஒலிபரப்பிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று பலர் பூரித்துப்போனது இயல்பே. ஆனால் நமது அரசாங்கம் நிதானமாக யோசிக்கும் சுபாவமுடையது. கல்வி நிறுவனங்கள் ‘சமுதாய வானொலி’ எனப்படும் சிறு வானொலி நடத்திக்கொள்ளலாம் என்று 2002-இல்தான் கொள்கை வகுக்கப்பட்டது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ பேசத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006-இல். தெலங்கானாவின் மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்கள் தாமே நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ எழுந்தது 2008-இல்.

கதவு திறந்ததே தவிர, நிலைப்படி உயரமாகத்தான் இருந்தது. தனிநபருக்குச் சமுதாய வானொலி அனுமதி கிடையாது. அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் சார்பு அமைப்புகளுக்கும் கிடையாது. விண்ணப்பிக்கும் அமைப்பு லாபநோக்கற்றதாகவும் குறைந்தது மூன்றாண்டு சேவை செய்ததாகவும் இருக்க வேண்டும். ஒலிபரப்பின் திறன் பொதுவாக 100 வாட் என்ற வரம்புக்குள் அடங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் தொலைவோடு குரல் நின்றுவிடும். செய்தி என்று வந்தாலோ, ஆகாசவாணியின் செய்தியறிக்கையை உள்ளது உள்ளபடி அஞ்சல் செய்யலாமே ஒழிய, சொந்தமாக ஒரு வரி சேர்த்து வாசிக்க இடமில்லை. இத்தனை நிபந்தனைகளையும் கண்டு சலித்தவர்கள் இணையத்தின் பக்கம் திரும்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இணைய வானொலி புதிய சங்கதியும் அன்று. 1993-இல் கார்ல் மலமுட் என்ற அமெரிக்கர் இணையத்துக்கென்றே வானொலி நிகழ்ச்சியைத் தயாரித்தளித்தார். அடுத்த ஆண்டில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரத்து மாணவர் வானொலி தன் ஒலிபரப்பையே இணையத்தில் ஏற்றிவிட்டது. நமக்கு அண்மையில், இலங்கையின் கொத்மலையில், 1990-களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு நடந்த முயற்சி இன்னும் சுவாரஸ்யமானது. இணையத்தைக் கண்ணால் கண்டிராத கிராமவாசிகள் கேட்ட சந்தேகங்களுக்கு, அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடிச் சமுதாய வானொலி வழியே மக்களின் பாஷையில் எடுத்துரைத்தார்கள். இன்று ஒரு கணினியும், ஒலிவாங்கியும், ஐஸ்காஸ்ட் போன்ற இலவச மென்பொருளும், மாதவாடகைக்கு ஒரு சர்வரும் இருந்தால் போதும், வானொலி தயார். இதற்கென்று தனி உரிமம் எதையும் இன்றைய இந்தியச் சட்டம் கேட்பதில்லை.

உரிமம் வேண்டியதில்லை என்பதைக் கேட்டவுடன், சட்டமே இல்லை என்று எண்ணிக்கொள்வதுதான் நம்மவர் செய்யும் பெரும்பிழை. அலைவரிசைக்கான அனுமதி வேறு, ஒலிபரப்பப்படும் விஷயத்துக்கான பொறுப்பு வேறு. முன்னதிலிருந்து விடுபட்டவர் பின்னதில் முழுமையாக அகப்பட்டிருக்கிறார். அதுமட்டுமன்று, அலைவரிசை பெற்ற வானொலிக்குச் சட்டம் அளித்திருக்கும் சில பாதுகாப்புகளும் இவருக்குக் கிடைப்பதில்லை.

பாட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இணைய வானொலிகள் அதிகமாகத் தடுக்கி விழுவது அங்கேதான். பாரதியாரின் பாடல்கள் 1949-இல் சென்னை அரசாங்கத்தால் நாட்டுடைமையாக்கப்பட்டன என்பதை எல்லாரும் அறிவர். ஆகவே பாரதி பாட்டை யாரும் எங்கும் ஒலிபரப்பலாம் என்று ஒருவர் நினைத்தால், அது பாதி உண்மை. பாட்டின் வரிகள் பொதுச்சொத்து. அதற்கு மெட்டமைத்தவருடைய உரிமையோ அவர் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். அதை ஒரு கம்பெனி ஒலிப்பதிவு செய்து வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவின்மேல் வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகள் தனியாக ஓர் உரிமை உண்டு. ஒரே பாட்டில் மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. சினிமாப் பாட்டில் வரிகளும் சேர்ந்து மூன்றுமே பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

எஃப்.எம். நிலையங்களுக்கு இதில் ஒரு புகலிடம் உண்டு. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 31-டி பிரிவின்படி, வெளியான பாட்டை ஒலிபரப்ப உரிமையாளரின் சம்மதத்துக்காக ஒரு நிலையம் காத்திருக்க வேண்டியதில்லை. முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தினால் போதும். இந்தச் சலுகை இணையத்துக்கும் உண்டென்று 2016-இல் மத்திய அரசின் குறிப்பாணை ஒன்று சொல்லியது. ஆனால் டிப்ஸ் நிறுவனத்துக்கும் விங்க் மியூசிக் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அந்தக் குறிப்பாணைக்குச் சட்ட பலம் இல்லை, 31-டி பிரிவு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரியதே அன்றி இணையத்துக்கு உரியதன்று என்று தீர்த்துவிட்டது. 2022-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. இதன் விளைவு யாதெனில், இணையத்தில் பாட்டுப் போடுகிறவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைக்கு ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்திடமும், ஒலிப்பதிவின் உரிமைக்கு அதை வைத்திருக்கும் நிறுவனத்திடமும் தாமே சென்று, அவர்கள் கேட்கும் விலைக்கு அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போட்டால் அது உரிமை மீறல். தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று 63-ஆம் பிரிவு கூறுகிறது, லாபநோக்கில்லாத செயலுக்கு நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்ற சிறு ஆறுதலோடு. வழக்கு வருமுன்பே வேறொரு தண்டனை வந்துசேரும்: யூடியூப் வழியாக ஒலிபரப்புகிறவர் 90 நாள்களுக்குள் மூன்று காப்புரிமை எச்சரிக்கைகளை வாங்கினால் சேனலே மறைந்துவிடும்.

இருபத்துநான்கு மணி நேரமும் சினிமாப் பாட்டையே சுழலவிட்டு, நடுவே பிறந்தநாள் வாழ்த்தை வாசிப்பதற்குச் சமுதாய வானொலி என்று பெயர் சூட்டுவது எனக்கு உவப்பானதன்று. சட்டமும் இதில் என் கட்சியே என்பது ஒரு வேடிக்கை. ஊராரின் பேச்சு, விதை நெல்லைப் பற்றிய விவாதம், பஞ்சாயத்துக் கணக்கு, வில்லுப்பாட்டு, பாட்டியின் தாலாட்டு ஆகியவற்றை ஒலிபரப்புகிறவருக்கு மேற்சொன்ன சங்கடங்களில் பெரும்பகுதி இல்லை. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தாலாட்டு யாருடைய தனிச்சொத்தும் அல்லவாயினும், அதைப் பாடிய பாட்டிக்குத் தம் குரலின்மேல் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. அவருடைய சம்மதம் வேண்டும் என்பது சட்டம்; அதை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் வாங்கி, ஒரு பிரதியை அவரிடமே கொடுப்பது நியாயம்.

பெயர் சொல்வதிலும் கவனம் தேவை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சம்ஹிதையின் 72-ஆம் பிரிவும், அவர் குழந்தையாயின் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் குற்றமாக்குகின்றன. பெயரை விட்டுவிட்டுத் தெருவையும் பள்ளியையும் தகப்பனார் தொழிலையும் சொல்வதும் அடையாளம் காட்டுவதே. நேரலையில் தொலைபேசியில் பேசும் ஒருவர் அண்டை வீட்டாரைத் திருடன் என்று திட்டினால், அவதூறுக்கான பொறுப்பு பேசியவரோடு முடியாமல் நிலையத்தின் தலையிலும் விடியக்கூடும். ஒலியைச் சில விநாடிகள் தாமதித்து அனுப்பும் வசதி பல மென்பொருள்களில் எளிதாகக் கிடைக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் இருப்பது அசிரத்தையே.

செய்தி வாசிக்கத் தலைப்படுகிறவர் 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளைப் படித்தாக வேண்டும். இணையத்தில் செய்தியும் நடப்பு விவகாரமும் வெளியிடுவோர் நன்னெறிக் கோவையைப் பின்பற்றவும், குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்கவும் அவை கட்டளையிட்டன. இவ்விதிகள் பேச்சுரிமையைக் குறுக்குகின்றன என்று இசைக்கலைஞர் டி.எம்.கிருஷ்ணா உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அவற்றின் முக்கியமான சில பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இணையத்தில் பேசியதற்காகக் கைது செய்யப் பயன்பட்டுவந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அடியோடு ரத்துசெய்ததையும் ஒவ்வோர் ஒலிபரப்பாளரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எவரேனும் அந்தப் பிரிவைக் காட்டி மிரட்டினால், அது இறந்துபோன சட்டம் என்று மரியாதையாகச் சொல்லலாம்.

பணவிஷயத்தில் ஒரு பள்ளம் பலர் கண்ணில் படுவதேயில்லை. தமிழ் இணைய வானொலியைக் கடல்கடந்த அன்பர்கள் கேட்பார்கள், கேட்டு நெகிழ்ந்து நன்கொடையும் அனுப்புவார்கள். அனுப்புகிறவர் இந்தியக் குடிமகனாக இருந்து தம் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் பாதகமில்லை. அவர் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவராயின், பிறந்த ஊர் தஞ்சாவூராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெறும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்னனுமதியோ வேண்டும். மின்னணு முறையில் செய்தியோ நடப்பு விவகார நிகழ்ச்சியோ தயாரித்து ஒலிபரப்பும் சங்கமும் கம்பெனியும் அப்படிப்பட்ட பணத்தைப் பெறவே கூடாதென்று அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது.

செலவுக் கணக்கும் வேறு மாதிரியானது. எஃப்.எம்.மில் ஒருவர் கேட்டாலும் ஆயிரம் பேர் கேட்டாலும் மின்கட்டணம் ஒன்றே. இணையத்திலோ கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பப்படுகிறது. விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் அனுப்ப ஏறத்தாழ 29 எம்பி ஆகும். 200 பேர் ஆறு மணி நேரம் கேட்டால் ஒரே நாளில் 35 ஜிபிக்கு நெருங்கிவிடும். புகழ் பெருகப் பெருகச் சர்வர் கட்டணமும் பெருகும். கேட்பவரின் டேட்டாவும் கரையும்.

இவை எல்லாவற்றினும் பெரிய அபாயம், ஆபத்து வேளையில் இணைய வானொலி ஊமையாகிவிடுவது. 2018 மே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. முடக்கும் உத்தரவுகளை அரசு வெளியிட்டாக வேண்டும், காலவரம்பின்றி முடக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், உத்தரவின் நகலைக் கேட்டு அதை எதிர்த்து வழக்கிட வழி பிறந்திருக்கிறது. ஆயினும் முடங்கிய அன்று முடங்கியதுதான். புயல் நாளில் செல்பேசிக் கோபுரம் சாய்ந்தாலும் இதே கதி. பாம்பனில் மீனவருக்கென 2016-இல் தோன்றிய ‘கடல் ஓசை’ போன்ற எஃப்.எம். நிலையங்களின் பெருமை இங்கேதான் விளங்கும். பாட்டரியில் ஓடும் சிறு ரேடியோப் பெட்டிக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஆகவே தகுதியுள்ள அமைப்புகள் இணையத்தோடு திருப்தியடையாமல் எஃப்.எம். அனுமதிக்கும் விண்ணப்பிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். 2024 பிப்ரவரியில் விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தப்பட்டதால், வருமான வழியும் முன்னைவிடச் சற்று அகன்றிருக்கிறது.

இனி, தீங்கு நேர்ந்தபின் செய்யத்தக்கவை. நம் நிகழ்ச்சியைப் பிறர் களவாடித் தம் தளத்தில் ஏற்றினால், அத்தளத்தை நடத்துவோருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். 2013-ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதைத் தடுக்க வேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் நாம் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அது மீண்டும் ஏறிவிடலாம் என்பதால், புகாரோடு தூங்கிவிடலாகாது. அதற்காகத் தூரதேசம் போக வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடக் காப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மாறாக, நம் நிகழ்ச்சியைத் தளத்தார் அநியாயமாக நீக்கிவிட்டால், முதலில் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு எழுதி, அவர் முடிவு சரியில்லையெனில் 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம், வக்கீல் தேவையில்லை. அறிவிப்பாளரின் குரலைச் செயற்கையாகப் போலி செய்து நன்கொடை பறிக்கும் மோசடி நடந்தால், தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகுமாதலால் முதல் சில மணி நேரமே முக்கியம். வழக்கு நடத்த வசதியில்லாதோர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பாராமலே அங்கு இலவச உதவி உண்டு.

கடைசியாக ஒன்று. இணையத்தில் செய்தி தருவோரையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர 2023 நவம்பரில் ஒலிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு ஒன்று வெளியாகி, எதிர்ப்புகளுக்குப்பின் தேங்கி நிற்கிறது. அது வேறு வடிவில் மறுபடி வரும்போது, பெரிய நிறுவனங்கள் தங்கள் வக்கீல்கள் வாயிலாக அபிப்பிராயம் தெரிவிக்கத் தவறமாட்டா. கிராமத்துச் சிறு வானொலி நடத்துகிற நீங்களும் அமைச்சகத்துக்கு ஒரு கடிதமேனும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.