படம் பேசினால் பாப்பாவும் பேசும்!

“பாருங்கம்மா, அறுநூறு ரூபா கொடுத்து வாங்கினேன். ரெண்டு நாள்கூட ஆகல்லே, கையாலே தொட மாட்டேங்கறா!”

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண், பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பக்கத்துக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் இங்கிலீஷ் பெயர். பழம், காய், வண்டி, மிருகம் என்று ராக்கெட் வரைக்கும் ஒன்றும் பாக்கியில்லை. அட்டை பளபளவென்று மின்னிற்று. ஒன்றாம் வகுப்புக் குழந்தை பாவம், என்ன செய்யும்? மளிகைச் சாமான் லிஸ்டை நாம் யாராவது இரண்டாம் தடவை ஆசையாய்ப் படிப்போமோ?

ஆனால் அவளுடைய கவலை வேறு. “நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ‘வீட்டிலே இங்கிலீஷ் பேசுங்க’ன்னு ஸ்கூல்லே சொல்றாங்க. நான் தப்பாச் சொல்லி, அதுவே குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா? நாளைக்கு அவளே என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டா?” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இந்தப் பயம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

என் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ‘ரோஸீஸ் வாக்’ என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் எழுதிப் படமும் வரைந்தது. வெளிவந்தது 1968-ல். புத்தகம் முழுவதிலும் 32 வார்த்தைகள்தாம், அதுவும் ஒரே வாக்கியம்! ரோஸி என்ற பெட்டைக்கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்.

படத்திலோ கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி! புல் வாரும் கட்டையை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. வேடிக்கை என்னவென்றால், ‘நரி’ என்ற வார்த்தையே அந்தப் புத்தகத்தில் கிடையாது. கோழிக்கும் தெரியாது. புத்தகத்துக்கும் தெரியாது. பார்க்கிற குழந்தைக்கு மட்டும் தெரியும்! “அய்யோ, பின்னாலே பாரு!” என்று அது கத்தாமல் இருக்குமா?

கத்தட்டும், தமிழிலேயே கத்தட்டும். கதை மனசில் உட்கார்ந்த பிறகு, ‘அக்ராஸ்’, ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘அண்டர்’ என்று வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதே இல்லை. கோழி நடக்கிற வழியே அர்த்தம் சொல்லிவிடுகிறது. மாடிப் பெண்ணுக்கு நான் சொன்னதும் இதுதான்: “நீ இங்கிலீஷ் பேச வேண்டாம். படத்தைப் பார்த்துத் தமிழிலே பேசு. இங்கிலீஷைப் புஸ்தகம் பார்த்துக்கும்.”

எனக்கு இந்தப் புத்தி லேசில் வரவில்லை. என் பையன் சின்னவனாக இருந்தபோது, வீட்டுக்கு யார் வந்தாலும் புத்தகத்தை விரித்து, “வாட் ஈஸ் திஸ்? சொல்லுடா கண்ணா” என்று பரீட்சை நடத்துவேன். ஒருநாள் அந்தப் புத்தகம் காணவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்! அதற்கப்புறம் வெகு நாள் வரை புத்தகத்தோடு நான் பக்கத்தில் போனாலே எழுந்து ஓடிவிடுவான்.

சரி, கடைக்குப் போனால் எப்படிப் பார்த்து வாங்குவது? முதலில் எழுத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். படங்களை மட்டும் புரட்டினால் உங்களுக்கே கதை புரிகிறதா? புரிந்தால் பாதி பாஸ். பிறகு ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு மூன்று இடத்துக்கு மேல் நாக்குத் தடுக்கினால் அப்படியே வைத்துவிடுங்கள், அது அடுத்த வருஷத்துக்கு. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். பில் மார்ட்டின் எழுதி எரிக் கார்ல் படம் வரைந்த ‘பிரவுன் பேர்’ (1967) அப்படிப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்விதான், மிருகமும் நிறமும் மட்டும் மாறும். மூன்றாம் நாள் குழந்தை நம்மை முந்திக்கொள்ளும். மடிப்பைத் திறந்து பார்க்கும் ராட் காம்ப்பெல்லின் ‘டியர் ஜூ’ (1982) இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு. மடிப்பு கிழியும், அதற்காக வையாதீர்கள்.

‘ஏ ஃபார் ஆப்பிள்’ புத்தகம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘எக்ஸ்’ எழுத்துக்கு ஸைலஃபோன் படம் போட்டிருப்பார்கள். அந்த வாத்தியத்தை நாமே கண்டதில்லை. போதாததற்கு அந்த வார்த்தையில் ‘எக்ஸ்’ ஒலியே இல்லை! ‘ஓ’வுக்கு ஆந்தைப் படம் இருக்கும், சொல்லும்போது ‘அவுல்’. குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? ‘பாக்ஸ்’, ‘ஆரஞ்ச்’ என்று போட்ட புத்தகம் தேவலை.

வெளிநாட்டுப் புத்தகம்தான் உசத்தி என்று நினைக்க வேண்டாம், விலையும் கடிக்கும். சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா, தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற படக்கதைகள் போடுகிறது. அப்படி இருந்தால் தாய் தமிழிலேயே படித்து முடித்துவிடுவாளே என்று சிலர் குறை சொல்வார்கள். முடித்தால் என்ன? கதை தெரிந்த குழந்தைக்கு அடுத்த வரி தானாய் எட்டும். 2004-ல் ஏற்பட்ட பிரதம் புக்ஸ் புத்தகங்களில் படிநிலை எண் இருக்கும். ஆரம்பத்துக்கு ஒன்றாம் நிலை போதும். ஒரே கதை தமிழில் தனியாக, இங்கிலீஷில் தனியாகக் கிடைப்பதும் உண்டு. ‘ஸ்டோரிவீவர்’ என்ற அவர்களுடைய இணையதளத்தில் 2015 முதல் காசில்லாமலே படிக்கலாம். ஆனால் செல்போனைக் குழந்தை கையில் கொடுத்தால் நரி போய் வேறு ஏதாவது வந்துவிடும். ஆகவே நீங்கள் அதில் படித்துப் பார்த்துப் பிடித்ததை அச்சில் வாங்கிக் கொடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957-லிருந்து இருப்பவை, விலை கைக்கு அடக்கம். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் (2010), மதுரை கலைஞர் நூலகத்திலும் (2023) குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய், எந்தப் புத்தகத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

மாடிப் பெண்ணிடம் புத்தகம் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் படியில் இறங்கி வந்த அவள் மகள், “பாட்டி, கோழி அண்டர் போச்சு, நரி மாட்டிக்கிச்சு! எங்கம்மா நரி மாதிரியே கத்துவாங்க தெரியுமா?” என்றாள். பின்னாலேயே வந்த அம்மாவுக்கு முகமெல்லாம் வெட்கம்.

புத்தகத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.