வாத்து முட்டையும் காலை ஒன்பது மணியும்

பொம்மையார்பாளையம் போன்ற கடலோரக் கிராமங்களில் கோழிகளுடன் நாலைந்து வாத்துக்களையும் வளர்க்கும் அங்கத்தினர்கள், தீனி செலவாகிறதே தவிர முட்டை கிடைப்பதில்லையெனக் குறை கூறுவதுண்டு. முட்டை இடப்படாமல் இல்லை. சவுக்குத் தோப்பிலும் குட்டைக் கரையிலும் இடப்பட்டு, நாய்க்கும் காக்கைக்கும் போய்ச் சேருகிறது.

கோழி பகற்பொழுதில் கூட்டைத் தேடி வந்து முட்டையிடும். வாத்தோ பெரும்பாலும் விடியற்காலையில் இடும். நின்ற இடமே அதற்குக் கூடு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வயல்களில் அறுவடைக்குப்பின் வாத்து மேய்ப்போர், மந்தையை இரவில் பட்டியிலடைத்துக் காலையில் முட்டைகளைப் பொறுக்குவதைக் காணலாம். நாமும் கோழிகளை விடிந்தவுடன் திறந்துவிட்டாலும், வாத்துக்களைக் காலை 9 மணி வரை அடைத்தே வைத்தல் வேண்டும்.

ஆகவே இரண்டிற்கும் தனி இடம் தேவை. நடுவே ஒரு மூங்கில் தட்டி போதும். கோழி கம்பில் ஏறி அடையும். வாத்து தரையில் படுக்கும். ஒன்றாக அடைத்தால் கோழியின் எச்சம் வாத்தின்மேல் விழும். வாத்து சிந்தும் நீரால் தரை ஈரமாகிக் கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் காண ஏதுவாகும். இதுவே பெரிய நஷ்டம். வாத்தின் பக்கம் வைக்கோலோ மணிலாத் தோலோ பரப்பி, நனைந்ததை உடனே மாற்றுக.

ஆண்டுக்கு 300 முட்டை வரை இடவல்ல காக்கி காம்ப்பெல் வாத்துக்கு அடைகாப்பதில் நாட்டம் குறைவு. அதன் முட்டைகளை நாட்டு அடைக்கோழியிடம் வைக்கலாம். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். வாத்து முட்டைக்கோ 28 நாள். இருபத்திரண்டாம் நாளே முட்டை கெட்டதென்று எறிந்துவிட வேண்டாம்.