கோதுமையும் எமது குழந்தைகளும்

ஆறாம் மாதமளவில் குழந்தைக்குச் சோறு தீத்துவது எமது மரபு. சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் எமது இல்லங்களில் அவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது. எனினும், சோறும் பருப்பும் தீத்திய சில வாரங்களிலேயே பாண், பிஸ்கட், பாஸ்தா என்பனவும் குழந்தையின் தட்டிற்கு வந்துவிடுகின்றன. எனவே, கோதுமையோடு தொடர்புடைய சீலியாக் நோய் பற்றி எமது பெற்றோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனும் புரதம் உண்டு. இந்நோய் உள்ளவர் அதனை உண்ணும்போது, உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தனது சிறுகுடலையே தாக்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து, எவ்வளவு ஊட்டினாலும் பிள்ளை தேறாத நிலை ஏற்படுகின்றது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே ஆவார். 1944-45 குளிர்காலப் போர்ப் பஞ்சத்தில் பாண் கிடையாதபோது நோயுற்ற பிள்ளைகள் தேறியமை அவரது ஐயத்தை உறுதிப்படுத்தியது. 1950இல் அவர் தமது ஆய்வேட்டை வெளியிட்டார்.

எமக்கு வராதா?

இது வெள்ளையருக்கே உரிய நோய் என்று எண்ணுவது தவறு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, வயது வந்தோரிடையே இந்நோயைச் சுட்டும் பிறபொருளெதிரிகள் வட இந்தியாவில் 1.23 வீதத்தினரிடமும், வேலூரை உள்ளடக்கிய தென்பகுதியில் 0.10 வீதத்தினரிடமும் இருப்பதைக் கண்டது. ஆனால் நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்கள் இரு பகுதியினரிடமும் ஏறத்தாழச் சம அளவில், மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், காணப்பட்டன. பெரிதும் வேறுபட்டது கோதுமையின் அளவே: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். மரபணு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எனினும், சோறுண்டு வாழ்ந்த சமூகம் கோதுமை உண்ணும் நாட்டில் வேரூன்றும்போது பழைய பாதுகாப்பு நீடிக்கும் என நம்பியிருக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 70 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பதும், அவர்களிற் பெரும்பாலானோர் அதனை அறியாமலே வாழ்கின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கன.

எப்போது கொடுப்பது?

அவ்வாறாயின் கோதுமையைத் தள்ளிப்போடலாமா? 2014இல் வெளியான இரு ஐரோப்பிய ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. குடும்பத்தில் நோயுள்ள குழந்தைகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து சிறிதளவு குளூட்டன் கொடுத்தும் நோய் தடுக்கப்படவில்லை. ஆறாம் மாதத்திற்குப் பதிலாகப் பன்னிரண்டாம் மாதத்தில் தொடங்கியபோது நோய் தோன்றுவது தாமதித்ததேயன்றி, இறுதியில் குறையவில்லை. தாய்ப்பாலும் இந்நோயைத் தடுப்பதாகக் காணப்படவில்லை. எனினும் அதன் பிற நன்மைகள் பல. நோய் வந்துவிட்டால், தாய் தன் உணவூட்டலில் தவறு செய்துவிட்டதாக எவரும் பழிகூறல் ஆகாது.

ஆறாம் மாதமளவில் திட உணவைத் தொடங்கி, பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற இரும்புச்சத்துள்ள உணவுகளுக்கு முதலிடம் கொடுப்பதே இந்நாட்டு வழிகாட்டலாகும். கோதுமையை ஒரு வயதிற்குள் அறிமுகப்படுத்தலாம். தொடக்கத்தில் பெருமளவில் ஊட்டாதிருப்பது நன்று.

அறிகுறிகள்

நீடித்த வயிற்றோட்டம் அல்லது மலச்சிக்கல், வயிறு வீங்குதல், நிறை கூடாமை, ஓயாத சிணுங்கல், மாறாத இரத்தச்சோகை என்பன கவனிக்கத்தக்கவை. கண்ணூறு என்றோ, பிள்ளை இயல்பிலேயே மெலிவு என்றோ விட்டுவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் குழந்தைக்கு வழங்கப்படும் நீலப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். விக்டோரியாவில் தாய் சேய் நலத் தாதியிடம் காட்டுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், ஏனையோருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை: இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையெனப் பரிசோதனை காட்டிவிடலாம். குடும்ப வைத்தியரைச் சந்திக்கும் நேரத்தைப் பதிவு செய்யும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை எனக் கூறுங்கள். தேசிய உரைபெயர்ப்புச் சேவையின் தொலைபேசி இலக்கம் 131 450.

எமது அடுக்களையே துணை

நோய் உறுதியானால், வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. அரிசி, குரக்கன், உளுந்து, பயறு, ஒடியல் மா ஆகியவற்றில் குளூட்டன் இயல்பாகவே இல்லை. அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் தடையின்றி உண்ணலாம். ஆனால் கோதுமை மாவை அவித்து அரித்தாலும் குளூட்டன் நீங்காது. அந்த மாவில் செய்த பிட்டு பாணைப் போன்றதே. ரவையும் அவ்வாறே. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா கலந்திருப்பதுண்டு. மால்ட் பானங்களில் வாற்கோதுமை இருக்கும். ஆகவே பொதிகளில் உள்ள விபரங்களை வாசித்தே வாங்குங்கள்.

நாம் கொண்டுவந்த உணவுப் பழக்கத்திலேயே இந்நோய்க்கான பத்தியம் பெரிதும் அடங்கியுள்ளது. உரிய வேளையில் நோயைக் கண்டறிந்தால், எமது பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளைப் போலவே நலமாக வளர்வர்.