தோலைக் காக்கும் உப்பு நிலத்தைக் கெடுப்பதேன்?

வெப்ப நாடுகளில், உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். பதனிடுசாலையைச் சேரும்வரை அது கெடாதிருக்கத் தொன்றுதொட்டுக் கையாளப்படும் எளிய வழி உப்பிடுதலாகும். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குன்றவே, அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. 100 கிலோ பச்சைத்தோலுக்கு 30 முதல் 50 கிலோ வரை உப்பு செலவாகிறது.

பதனிடுசாலையில் முதல் வேலை, தோலை நீரில் ஊறவைத்து இவ்வுப்பைப் போக்குவதே. தொல்லை இங்குதான் தொடங்குகிறது. கழிவுநீரிலுள்ள மயிர், சுண்ணாம்பு, குரோமியம் ஆகியவற்றை வடித்தோ படியவைத்தோ பிரித்தல் கூடும். உப்போ நீரில் முற்றும் கரைந்து நிற்பது; சாதாரண வடிகட்டியில் தங்காது, நுண்ணுயிர்களாலும் சிதையாது.

தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய பாலாற்றுப் பகுதி ஊர்களில் இத்தொழில் தழைத்தது. கழிவுநீர் மண்ணில் இறங்கியதால் கிணறுகள் உவர்ப்பேறின, விளைநிலங்கள் பாழாயின. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆயினும், நிலத்தடியில் இறங்கிய உப்பை இழப்பீடு வெளியேற்றிவிடாது. நுண்சவ்வுகளால் நீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி வற்றச் செய்யும் நிலையங்கள் பின்னர் அமைந்தன. அவற்றுக்குச் செலவு மிகுதி. முடிவில் எஞ்சுவதும் அழுக்குப் படிந்த உப்புக் குவியலே. மழையில் நனைந்தால் அது மீண்டும் கரைந்தோடும்.

ஆதலின், உப்பு நீரில் கலக்குமுன் தடுப்பதே அறிவுடைமை. ஊறவைக்குமுன் தோலை உதறியோ சுழலும் உருளையிலிட்டோ ஒட்டியுள்ள உப்பில் ஒரு பகுதியை உலர்நிலையிலேயே நீக்கலாம். இதன் பயன் சிறிதன்று. தமிழ்நாட்டு விதிப்படி, வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமை மிஞ்சலாகாது. 1 கிலோ உப்பை இவ்வளவுக்குள் அடக்க ஏறத்தாழ 476 லிட்டர் தூய நீர் வேண்டும்! உதறி எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் அத்துணை நீரைக் காக்கிறது.

உப்பைக் குறைத்துப் போரிக் அமிலம் சேர்த்தல் மற்றொரு வழி. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சிலிக்கா ஜெல் சேர்க்கும் முறையையும் ஆராய்ந்துள்ளது. 4 பாகை செல்சியசு அளவில் குளிரூட்டினால், உப்பின்றியே தோல் சில நாள் கெடாதிருக்கும்.

இவ்வழிகள் இருந்தும் உப்பு நீடிப்பது அதன் மலிவினாலேயே. அம்மலிவைக் கணக்கிடுவோர், கெட்டுப்போன கிணற்றின் விலையையும் அதனுடன் சேர்த்தெண்ணுதல் முறையாகும்.