தொட்டால் பதில் சொல்கிறதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் ஏராளம். யாரும் உட்கார வைத்து இலக்கணம் சொல்லித் தருவதில்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பே இரண்டு மொழியும் நாக்கில் புரள்கின்றன. மணிக்கணக்கில் பார்க்கிற கார்ட்டூனின் மொழி மட்டும் அந்த அளவுக்கு ஒட்டுவதில்லை. ஏன்?

2003-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா கூல், ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனத்தின் மாண்டரின் மொழியைக் கேட்கச் செய்தார். சில குழந்தைகளோடு ஆட்கள் நேரில் அமர்ந்து, புத்தகமும் பொம்மையும் காட்டிப் பேசினார்கள். வேறு சிலருக்கு அதே பேச்சு டிவியில் ஓடியது. 12 அமர்வுகள் முடிந்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. டிவி பார்த்தவை எதையும் கற்றிருக்கவில்லை.

அப்படியானால் குற்றம் திரையுடையதா? 2014-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு வியப்பான விடை தந்தது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ காலில் பேசியவரிடம் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. ஓசூரில் தங்கி வேலை பார்க்கும் அப்பா போனில் "என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதற்கேற்ப அடுத்ததைப் பேசுகிறார். பிள்ளை கற்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான்.

டேப்லெட் செயலிகளையும் இதை வைத்தே எடைபோடலாம். 'கல்வி' என்ற முத்திரையை நம்ப முடியாது. 2021-ல் ஆய்வாளர்கள் 124 கல்விச் செயலிகளை மதிப்பிட்டபோது பாதிக்கு மேற்பட்டவை தரம் குறைந்தவை என்று தெரிந்தது.

'ம' எழுதப் பழக்கும் செயலி ஒன்றைத் திறந்து, வேண்டுமென்றே தப்பாகக் கோடு இழுத்துப் பாருங்கள். எப்படி இழுத்தாலும் நட்சத்திரம் கொட்டிக் கைதட்டல் கேட்டால், அது குழந்தையைக் கவனிக்கவே இல்லை. எந்த இடத்தில் வளைவு தவறியது என்று காட்டி மறுபடி எழுதச் சொன்னால், அது பதில். நடுவே விளம்பரமோ, தொட்டதும் ஆடும் பொம்மையோ வந்தால் கவனம் அதன் பின்னால் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 15 மாதக் குழந்தைகளை வைத்து 2009-ல் நடந்த சோதனையில், தொடுதிரையில் பொத்தானை அழுத்தக் கற்றவர்கள் நிஜப் பொம்மையின் பொத்தானில் தடுமாறினார்கள். நிஜத்தில் கற்றவர்கள் திரையில் தடுமாறினார்கள். திரைக்கும் கைக்கும் நடுவே பாலம் போட ஒரு பெரியவர் வேண்டும். திரையில் மாம்பழத்தை எண்ணிய பிள்ளையிடம் கூடையில் இருக்கும் பெங்களூரா மாம்பழங்களைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். மாந்தோப்புகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது, உறவினரோடு பேசும் வீடியோ கால் தவிர. ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பத்துச் செயலிகள் தேவையில்லை. பிள்ளையின் விரலுக்குக் காத்திருந்து பதில் சொல்லும் ஒன்றிரண்டும், பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் அப்படி?" என்று கேட்க நீங்களும் போதும்.