உங்களுக்குத் தெரியுமா? கீ மேல் ஏன் பழி?

எலெக்ட்ரிக் கிட்டாரில் சுருதி நிற்கவில்லை என்றதும் பலர் முதலில் தேடிப் போவது புது டியூனிங் கீ செட்டை. பத்தில் ஏழெட்டுத் தடவை கீ நிரபராதி என்பது என் அனுபவம்.

* * *

கீயின் வயிற்றுக்குள் இருப்பது ஒரு சின்னத் திருகும், அதோடு கோத்த ஒரு பல்சக்கரமும்தான். பட்டனைத் திருகினால் கம்பி சுற்றிய தண்டு சுழலும்; தண்டை எவ்வளவு இழுத்தாலும் பட்டன் அசையாது. வீணைப் பிருடை வெறும் உராய்வில் நிற்பது. அதனால்தான் வைணிகர்கள் அதை உள்ளே அழுத்திக்கொண்டே திருகுகிறார்கள். கிட்டாருக்கு அந்தப் பாடு இல்லை. இத்தனைக்கும் பத்தாம் நம்பர் கம்பி செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 45 கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டை!

* * *

கீ வரும் பெட்டியில் 18:1 என்று போட்டிருந்தால், பட்டனை 18 சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும் என்று பொருள். நுணுக்கமாகச் சுருதி சேர்க்க உதவும். சுருதியைப் பிடித்து வைக்க அதனால் தனி லாபம் ஒன்றுமில்லை.

* * *

நிஜக் குற்றவாளி பெரும்பாலும் நட். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், ஆறு வெட்டுகளோடு இருக்கும் அந்தச் சின்னத் துண்டு. வெட்டு குறுகலாக இருந்தால் கம்பி அதில் சிக்கிக்கொள்ளும். கீயைத் திருகுவீர்கள், சுருதி ஏறாது. இன்னும் கொஞ்சம் திருகுவீர்கள், திடீரென்று ‘டிங்’ என்ற சத்தத்தோடு எகிறிவிடும். அந்த ‘டிங்’ கேட்டால் கீக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

நான் செலவழித்தேன். ஜி கம்பி ஒவ்வொரு பாட்டிலும் இறங்குகிறது என்று ஆறு கீயையும் மாற்றினேன். மாற்றியதில் ஒரு திருகாணியின் தலை முறிந்து, மிச்சம் மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. ஜி கம்பி மட்டும் பழையபடி இறங்கியது. கடைசியில் வெட்டுக்குள் பென்சில் முனையை நாலு தடவை தேய்த்ததும் அடங்கியது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் நல்ல மசகு. அதற்கும் அடங்காவிட்டால், கம்பியின் கனத்துக்கேற்ற அரத்தால் வெட்டை மெல்ல அகலப்படுத்த வேண்டும். ஆழமாக்கிவிட்டால் நட்டே போச்சு, ஜாக்கிரதை.

* * *

கிப்ஸன் லெஸ் பால் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஜி கம்பித் தொல்லை பழக்கமானது. தலையில் பக்கத்துக்கு மூன்று கீ. நட்டைத் தாண்டியதும் டி, ஜி கம்பிகள் வெளிப்பக்கமாக ஒடிந்து திரும்புகின்றன. தலையே 17 டிகிரி பின்னால் சாய்ந்தும் இருக்கிறது. இரண்டு பக்கமும் வளைகிற கம்பி உரசாமல் என்ன செய்யும்? ஃபெண்டரில் ஆறு கீயும் ஒரே வரிசை, கம்பி நேர்கோட்டில் போகும்.

* * *

குயின் குழுவின் பிரையன் மே, 1963-ல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், ட்ரெமலோவுக்கு (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை ஆட்டும் கைப்பிடி அமைப்பு) மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங், அது ஆடுவதற்குக் கத்தி விளிம்பு. நட்டின் வேலையைப் பாதியாகக் குறைக்க நட்டை ஒட்டி ஒரு கூடுதல் ஃப்ரெட், அதாவது ‘ஜீரோ ஃப்ரெட்’. சுருதி கெடுவது உராய்வால்தான் என்று பதின்ம வயதிலேயே பிடித்துவிட்டார்!

* * *

‘லாக்கிங் கீ’ என்றால் கீ பூட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது பூட்டுவது கம்பியின் நுனியை. தண்டில் மூன்று நான்கு சுற்று சுற்ற வேண்டாம். அந்தச் சுற்றுகள் இறுகி இறுகிச் சுருதி இறங்கும் தொல்லை இல்லை. கம்பி மாற்றுவதும் சட்டென்று முடியும். நட்டில் சிக்கினால் மட்டும் இதுவும் கைவிரித்துவிடும்.

* * *

ஃப்ளாய்ட் ரோஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1979-ல் காப்புரிமை பெற்ற அவருடைய ட்ரெமலோ, கம்பியை நட்டிலும், மறுமுனையில் உடல்மேல் இருக்கும் பிரிட்ஜிலும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துவிடும். பூட்டியபிறகு தலையிலுள்ள கீ வெறும் அலங்காரம். அப்படிப்பட்ட கிட்டாருக்கு விலை உயர்ந்த கீ வாங்குகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

* * *

கீயை மாற்றத்தான் வேண்டும் என்றால் (பல் தேய்ந்து ஆடினால் மாற்றுவது நியாயம்) முதலில் துளையை அளந்துகொள்ளுங்கள். பழைய க்ளூஸன் பாணிக்கு 8.7 மி.மீ. அளவு, க்ரோவர், ஷாலர் பாணிக்கு 10 மி.மீ. பெரிய கீ நுழையவில்லை என்று பழைய கிட்டாரின் தலையைத் துளைத்துப் பெரிதாக்கினால், கிட்டாரின் விலையில் ஒரு பங்கு மரத்தூளாக உதிரும். திருகாணியில் சோப்போ மெழுகோ தடவிவிட்டு இறக்குங்கள். என் பாடம் அது.

* * *

ஈ மேஜர் கார்டு தேனாக ஒலிக்கும்படி ஜி கம்பியைக் காதால் சரிசெய்தால், அது சுமார் 14 சென்ட் இறங்கியிருக்கும் (ஒரு ஃப்ரெட் 100 சென்ட்). அடுத்து ஜி மேஜர் வாசித்தால் காது கூசும். அதற்கும் கீயைத்தான் திட்டுவோம்.

* * *

சுருதி ஏறிவிட்டால், கொஞ்சம் கூடுதலாகவே இறக்கி, பிறகு கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். பல்லுக்கிடையே இருக்கும் தளர்ச்சி அப்போதுதான் எடுபடும்.

* * *

தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் மோட்டார் கீயைக் கிப்ஸன் 2007-ல் ‘ரோபோ கிட்டார்’ என்று கொண்டுவந்தது. 2015-ல் பெரும்பாலான மாடல்களில் அந்த வகைக் கீயையே போட்டு, விலையையும் ஏற்றியது. வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கீயை மாட்டிக்கொண்டார்கள். கச்சேரிக்குக் கிளம்புமுன் கீக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?